சைக்கிள் டைனமோவில் காற்றாலை

கேள்வி: பழைய சைக்கிள் டைனமோவை வைத்து மொட்டைமாடியில் காற்றாலை செய்து, ஒரு ஃபேனாவது ஓட்ட முடியுமா? – வாசகர், பணகுடி

பதில்: காற்றாலை செய்யலாம், ஃபேன் ஓடாது. சைக்கிள் டைனமோ தருவது சுமார் 3 வாட். சாதாரண சீலிங் ஃபேனுக்கு 70, 75 வாட் வேண்டும். ஆனால் அந்த 3 வாட்டில் ஒரு எல்இடி பல்பு தாராளமாக எரியும். அதை அற்பமாக எண்ணாதீர்கள். மலாவியில் பஞ்சத்தால் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் படிப்பை நிறுத்திய வில்லியம் கம்குவம்பா, நூலகப் புத்தகத்தைப் பார்த்து, டிராக்டர் விசிறி, பிளாஸ்டிக் குழாய், சைக்கிள் டைனமோ ஆகியவற்றைக் கொண்டு 2002-இல் வீட்டுக்கு வெளிச்சம் கொண்டுவந்தார்.

கூடுதல் மின்சாரம் வேண்டுமென்றால் டைனமோவை விட்டுவிட்டு நிலைக்காந்த டிசி மோட்டாருக்கு மாறுங்கள். காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். 1 மீட்டர் விட்டமுள்ள சுழலி நொடிக்கு 4 மீட்டர் காற்றில் ஏறத்தாழ 8 வாட் தரும். 8 மீட்டர் காற்றில் 60 வாட்டைத் தொடும். உங்கள் ஊர் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் என்பதால் ஆனி, ஆடியில் காற்றுக்குக் குறைவில்லை. இருந்தாலும் மொட்டைமாடி வேண்டாம். கட்டடத்தில் மோதிச் சுழலும் காற்று இறக்கைகளை உலுக்கும். அதிர்வு சுவருக்கும் இறங்கும். வெட்டவெளியில் உயரமான கம்பம் நட்டு, இழுகம்பிகளால் கட்டுங்கள். மோட்டாருக்கும் பேட்டரிக்கும் நடுவில் ஒரு டையோடு கட்டாயம். இல்லாவிட்டால் காற்று நின்றதும் பேட்டரியே மோட்டாரைச் சுற்றவைத்துக் காலியாகிவிடும். சூறைக்காற்றில் சுழலியை நிறுத்த ஒரு வழி செய்த பிறகே இறக்கைகளைப் பூட்டுங்கள்.