மாட்டுக்கு வலி மருந்து வாங்கும் முன்

நம்ம கூட்டங்களில் நுகர்வோரைப் பற்றி நிறையப் பேசுகிறோம். நகரத்துக்காரர்கள் நஞ்சில்லாத அரிசியைத் தேடி வாங்கணும், கூட நாலு காசு கொடுக்கணும் என்கிறோம். சரிதான். ஆனால் நாமும் ஒரு கடையில் நுகர்வோராகத்தான் நிற்கிறோம், அது கால்நடை மருந்துக்கடை. முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் இருந்தவன் நான். எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் திருப்பி, பொடி எழுத்து வரைக்கும் படிக்கிற பழக்கம் இன்னும் விடவில்லை. மாட்டுக்கு வாங்கும் வலி ஊசி மருந்தின் சீட்டையும் அப்படிப் படிக்கச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பார்க்க வேண்டிய முதல் பெயர் டைக்ளோஃபினாக். காய்ச்சல், மடிவீக்கம், கால் வீக்கம், கன்று போட்டபின் படுத்துக்கொண்ட மாடு என எல்லாவற்றுக்கும் 1990களில் ஊர் ஊராகப் புகுந்த மருந்து. விலை மலிவு. மாட்டுக்குக் கெடுதல் இல்லை. கெடுதல் வந்தது செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுக்கு.

என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். ஊர்ப் புறம்போக்கில் செத்த மாட்டைப் போட்டால், மதியத்துக்குள் வானத்தில் வட்டம் போடும். மறுநாள் போய்ப் பார்த்தால் எலும்புதான் கிடக்கும். அந்த வெண்முதுகுப் பாறுகள் இந்தியாவில் 1992க்கும் 2007க்கும் இடையில் ஆயிரத்துக்கு ஒன்று என்கிற அளவுக்குக் குறைந்துபோயின. முதலில் ஏதோ தொற்றுநோய் என்றுதான் நினைத்தார்கள். பாகிஸ்தானில் செத்த பறவைகளை அறுத்துப் பார்த்த லிண்ட்சே ஓக்ஸ் என்ற கால்நடை மருத்துவரும் அவர் குழுவும் 2004இல் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். ஊசி போட்டு ஓரிரு நாளில் செத்த மாட்டின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் டைக்ளோஃபினாக் தங்கியிருக்கிறது. அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் நின்றுபோகிறது. உடம்புக்குள் யூரிக் அமிலம் சுண்ணாம்பு அடித்த மாதிரி படிந்து, சில நாளில் செத்து விழுகிறது.

எல்லா மாட்டுக்குமா ஊசி போடுகிறோம் என்று கேட்கலாம். அங்கேதான் கணக்கு வேறு. ஒரு சடலத்தைச் சுற்றிப் பத்து நாற்பது பறவை உட்காரும். நூறு சடலத்தில் ஒன்றுக்கும் குறைவாக மருந்து இருந்தாலே இந்த அழிவுக்குப் போதும் என்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பாறு வருடத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து இணை சேர ஐந்து வருடம் ஆகும். வட்டி இப்படி மெதுவாக ஏறும் கணக்கில் முதலை எடுத்துவிட்டால் எப்போது மீள்வது? திருக்கழுக்குன்றம் மலையில் உச்சிவேளைக்கு வந்து சோறு தின்றுபோன கழுகுகளும் பாறு இனம்தான். இப்போது அவை வருவதில்லை. தமிழ்நாட்டில் முதுமலை, சத்தியமங்கலம் காடுகளையும் மோயாற்றுப் பள்ளத்தாக்கையும் ஒட்டித்தான் பாறுகள் கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன.

பறவை போனால் போகட்டும், நமக்கு மாடு முக்கியம் என்பவர்களும் உண்டு. அவர்களுக்கு மனிதக் கணக்கைச் சொல்கிறேன். பாறு தின்ன வேண்டியதை நாய் தின்றது. நாய் பெருகியது. அழுகிய சடலம் தண்ணீரில் கலந்தது. இயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரண்டு பொருளியலாளர்கள், பாறு முன்பு அதிகம் இருந்த மாவட்டங்களையும் இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2000க்கும் 2005க்கும் இடையில் சுமார் ஐந்து லட்சம் பேர் கூடுதலாக இறந்திருப்பார்கள் என்பது அவர்கள் கணிப்பு. இந்தச் சாவு வசதியானவர் வீட்டில் அதிகம் விழாது. செருப்பில்லாமல் தெருவில் விளையாடும் பிள்ளை, விடியலுக்கு முன் வேலைக்கு நடந்துபோகும் கூலியாள், இவர்களைத்தான் நாய் கடிக்கும். அரசு மருத்துவமனையில் வெறிநாய்க்கடி ஊசி இலவசம்தான். ஆனாலும் நாலைந்து முறை பஸ் ஏறிப் போகணும், ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போகும். பாறு சுத்தமாக்கிப் போட்ட எலும்பைப் பொறுக்கி விற்றுப் பிழைத்தவர்கள் ஒரு கூட்டம் இருந்தார்கள். அவர்கள் பிழைப்பும் அதோடு போச்சு.

2006இல் மத்திய அரசு மாட்டுக்கான டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தது. அப்புறமும், மனிதர்களுக்கு என்று அச்சடித்த 30 மில்லி குப்பிகள் மாட்டுக் கொட்டகைக்கு வந்துகொண்டே இருந்தன. எந்த மனிதனுக்கு 30 மில்லி ஒரே குப்பியில் வேணும்? அதனால்தான் 2015இல் மனிதருக்கான குப்பியை 3 மில்லியாகக் குறைத்தார்கள். 2023இல் மாட்டுக்கான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டுக்கும் தடை வந்தது. அசிக்ளோஃபினாக் மாட்டு உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடும், சட்டை மாற்றிக்கொண்டு வருகிற அதே ஆள்தான். 2024 கடைசியில் நிமெசுலைடும் தடையானது. ஃப்ளூனிக்சின் மீதும் ஆய்வாளர்களுக்கு அச்சம் இருக்கிறது.

சட்டம் இருக்கட்டும், கடையில் நடப்பது வேறு. "இதப் போட்டா பொழுதோட எந்திரிச்சுக்குமுங்க சார்" என்று கடைப் பையன் எதையாவது எடுத்து நீட்டுவான். அவனைக் குறை சொல்லவும் முடியாது. கறவை மாட்டுக் கடன் மேசையில் உட்கார்ந்திருந்தவன் என்பதால் எனக்குத் தெரியும், மாடு படுத்தால் அந்த வீட்டுத் தவணை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் எல்லாம் சேர்ந்து படுத்துக்கும். அந்த அவசரத்தில் யாரும் சீட்டைப் படிப்பதில்லை. மாட்டை வலியில் விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. மெலாக்சிகாம் என்று கேளுங்கள். பாறுக்குக் கெடுதல் செய்யாது என்று சோதித்துப் பார்த்த மருந்து. முன்பு விலை கூடுதலாக இருந்தது, இப்போது பல கம்பெனிகள் செய்வதால் அந்தச் சாக்கு இல்லை. டோல்ஃபெனாமிக் அமிலமும் பாதுகாப்பானது என்று தெரிந்திருக்கிறது. எவ்வளவு, எத்தனை நாள் என்பதைக் கால்நடை மருத்துவர்தான் சொல்லணும். அவரிடமும் "பாறுக்கு ஆகாத மருந்து வேண்டாங்க" என்று முதலிலேயே சொல்லிவிடலாம். என் அனுபவத்தில் யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

ஊசிக்கே போகாமல் தப்பிக்கவும் பல நேரம் வழி உண்டு. மடிவீக்கத்துக்குப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய மூலிகை முறை நம்மில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம், மூன்றையும் சேர்த்து அரைத்தால் செங்கல் நிறத்தில் விழுது வரும். பாலை முழுசாகக் கறந்து, மடியைக் கழுவி, ஒரு கைப்பிடி விழுதைத் தண்ணீரில் கரைத்து மடி முழுக்கப் பூசணும். ஒரு நாளைக்குப் பத்து முறை, ஐந்து நாள். வேலை அதிகம் என்று சலித்துக்கொள்வார்கள். அதிகம்தான். ஆனால் வீக்கம் கண்ட அன்றைக்கே ஆரம்பித்தால் பலன் நன்றாகத் தெரியும். இரண்டு நாள் கழித்துத் தொடங்கிவிட்டு மூலிகையைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. காய்ச்சல் ஏறினாலோ, மாடு தீனி எடுக்காவிட்டாலோ மருத்துவரைக் கூப்பிட்டுவிடுங்கள்.

ஊசி போட்டும் மாடு பிழைக்காவிட்டால், என்ன மருந்து போட்டோம் என்று சரியாகத் தெரியாவிட்டால், ஆழக் குழி எடுத்துப் புதைத்துவிட வேண்டும். திறந்த வெளியில் போடக்கூடாது. காட்டோரத்து உழவர்களுக்கு இன்னொன்று. புலியோ சிறுத்தையோ மாட்டை அடித்தால், ஆத்திரத்தில் சடலத்தில் பூச்சிமருந்து தடவுவது அங்கங்கே நடக்கிறது. அடித்த புலி வரலாம், வராமலும் போகலாம். அதற்கு முன்னால் பாறு வந்து உட்கார்ந்துவிடும், ஒரே சடலத்தில் மொத்தக் கூட்டமும் போய்விடும். புலியடித்த மாட்டுக்கு வனத்துறை இழப்பீடு கொடுக்கிறது. அதற்குச் சடலத்தைக் கலைக்காமல் உடனே தகவல் சொல்லணும், கால்நடை மருத்துவர் சான்றும் படமும் வேணும். மனு எழுதத் தெரியாதவர்கள் என்னைப் போல் ஓய்வு பெற்றவர்கள் யாராவது ஊரில் இருந்தால் பிடித்து உட்கார வையுங்கள், எழுதிக் கொடுப்பார்கள்.