கொடி விழாத மாடும் கண்ணேறும்

கன்று போட்டுப் பொழுது சாய்ந்தும் நஞ்சுக்கொடி விழவில்லை என்றால், ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கொட்டகைகளில் முதலில் வரும் சொல் ‘கண்ணு பட்டிருச்சு’ என்பதுதான். தங்கிய கொடியால் கருப்பையில் சீழ் பிடித்த மாடு பிறகு மாதக்கணக்கில் சினை நிற்காது. ‘மலட்டு மாடு’ என்ற பெயரோடு சந்தைக்குப் போகும்.

நம்பிக்கை: கொடி தங்குவது கண்ணேறு.

உண்மை: கன்றின், அதோடு வளரும் கொடியின் மரபணுவில் பாதி காளையுடையது, தாயின் உடலுக்கு அது அந்நியம். சினைக்காலம் முழுக்க அதைப் பொறுத்துக்கொண்ட நோய் எதிர்ப்பு மண்டலம், ஈனும் நேரத்தில் கொடியை அந்நியமென்று கண்டுகொள்கிறது. வெள்ளையணுக்கள் திரண்டு வந்து அதைக் கருப்பையிலிருந்து கழற்ற உதவுகின்றன. இந்த அடையாளத்தைக் காட்டும் மரபணுக்கள் மாட்டின் 23ஆம் குரோமோசோமில் உள்ளன. மாட்டுக்கு மாடு வெகுவாக மாறுபடுபவை. அவற்றில் ‘முதல் வகை’ எனப்படுபவை தாய்க்கும் கன்றுக்கும் ஒத்துப்போனால் கொடி தங்கும் வாய்ப்பு கூடுகிறது என்று 1991இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். கால்சியம் குறைவு, குறைமாத ஈற்று, இரட்டைக் கன்று, புரூசெல்லா நோய் ஆகியவையும் காரணமாகலாம்.

ஒரு காளையின் விந்தை அதன் மகளுக்கே போட்டால் இந்த ஒற்றுமை இன்னும் நெருங்கும். 1824இல் ராணுவக் குதிரைகளுக்காகத் தொடங்கிய மத்திகிரிக் கால்நடைப் பண்ணை போன்ற இடங்களில் தாய் தந்தை வழியைப் பதிவேட்டில் எழுதி வைப்பது இப்படி நெருங்கிய உறவில் சேர்ப்பதைத் தவிர்க்கவும்தான். நம் வீட்டுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். உறைவிந்துக் குழலில் காளையின் எண் அச்சிட்டிருக்கும். சினை ஊசி போட வருபவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: பேர்பெற்ற காளையின் வழியில் குறை இருக்காது.

உண்மை: ஆஸ்பார்ன்டேல் ஐவன்ஹோ என்ற அமெரிக்க ஹோல்ஸ்டீன் காளையின் வழியாக ஒரு நோய் எதிர்ப்பு மரபணுக் கோளாறு உலகெங்கும் பரவியது. இரு பக்கமும் அதைப் பெற்ற கன்றுகளின் வெள்ளையணுக்கள் ரத்தக்குழாயைத் தாண்ட முடியாமல் போக, அவை இளமையிலேயே இறந்தன. இன்று நம் நாட்டு உறைவிந்து நிலையங்கள் பொலிகாளைகளை இதற்காகச் சோதிக்கின்றன.

நம்பிக்கை: சினை நிற்காதது ரத்தத்தில் வந்த குறை.

உண்மை: கறவை மாடு சினை பிடிப்பதில் மரபின் பங்கு பெரும்பாலும் நூற்றுக்குப் பத்துக்கும் கீழ். மீதி தீவனம், தாது உப்பு, நேரம். பருவ அறிகுறி இரவிலும் விடியலிலும்தான் அதிகம் தெரியும். அந்நேரம் வீட்டு ஆள் சிப்காட் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டில் இருப்பார். காலையில் கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் ஊசி போட வேண்டும். தவறினால் இன்னும் 21 நாள்.

நம்பிக்கை: கல்லோ செருப்போ கட்டினால் கொடி இறங்கும், இல்லாவிட்டால் கையால் இழுக்கலாம்.

உண்மை: இழுத்தால் கருப்பை கிழியும், கொடி அறுந்து உள்ளே அழுகும். புரூசெல்லா உள்ள மாடென்றால் வெறுங்கையில் தொட்டவருக்கும் நோய் வரும். 12 மணி நேரம் கடந்தால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்; நடமாடும் ஊர்திக்கு 1962. கிடேரிக் கன்றுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் புரூசெல்லா தடுப்பூசியை மறக்காமல் போடுங்கள். வாழ்நாளில் அது ஒரே ஒரு முறைதான்.