நனையாத வினையூக்கி

சேப்பங்கிழங்கு இலைமேல் நீரைத் தெளித்தால் முத்து முத்தாக உருண்டோடும், இலை நனைவதில்லை. எங்கள் வீட்டுக் கிணற்றடியில் அன்றாடம் காணும் இந்தக் காட்சிதான், கனநீர்த் தயாரிப்பு பற்றிப் படித்தபோது என் நினைவுக்கு வந்தது.

இயற்கை நீரில் ஏறத்தாழ 6,500 ஹைடிரஜன் அணுக்களுக்கு ஒன்றே டியூட்டீரியம். 1931இல் யூரே கண்டறிந்த இந்த ஐசோடோப்பு, ஹைடிரஜன் வாயுவும் நீரும் சேர்ந்திருக்கையில் நீரையே நாடும். 25° செல்சியசில், சமநிலையில், வாயுவில் உள்ளதைப்போல் நீரில் அதன் செறிவு நான்கு மடங்குக்குச் சற்றுக் குறைவு. ஆனால் வினையூக்கியின்றி அச்சமநிலையை எட்டுவது ஆகாத காரியம்.

பிளாட்டினம் இருக்கிறதே எனலாம். இருக்கிறது, ஆனால் நீர் பட்டால் அதன் நுண்துளைகள் நீரால் அடைபடுகின்றன. ஹைடிரஜனோ நீரில் மிகச் சிறிதளவே கரையும். நீர்ப்படலத்தைக் கடந்து அது உலோகத்தை அடைவதெங்ஙனம்? எனவேதான் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கனடாவின் டிரெயில் ஆலையில் நீரை ஆவியாக்கியே வினையூக்கியின்மேல் செலுத்தினர். ஒவ்வொரு கட்டத்திலும் ஆவியாக்குவது, பிறகு குளிர்விப்பது! எத்தனை வெப்பச் செலவு!

கனடாவின் சாக் ரிவர் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஸ்டீவன்ஸ், வினையூக்கிக்கே நீர் ஒட்டாத மேலுறை தரலாம் எனக் கண்டார். 1972இல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. சிலிகோனோ டெப்லானோ சேர்ந்த நுண்துளைக்குள் நீர்மம் புகாது; நீராவியும் ஹைடிரஜனும் தாராளமாகப் புகும். உள்ளே அவை ஐசோடோப்பை மாற்றிக்கொள்ள, வெளியே ஆவி அதை நீர்மத்திடம் சேர்க்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. "வினையூக்கி விளைபொருளை மிகுவிக்கும்" என்றெழுதிச் சென்ற தேர்வில் மதிப்பெண் இழந்தவன் நான். சமநிலை மாறிலியைப் பிளாட்டினமும் மாற்றாது, பூச்சும் மாற்றாது. விரைவில் எட்டச் செய்யும், அவ்வளவே. செறிவு மேலும் கூடுவது, உயர்ந்த கோபுரத்தில் நீர் கீழிறங்க வாயு மேலேற, பரிமாற்றம் மீண்டும் மீண்டும் நிகழ்வதால்.

1978இல் உற்பத்தி தொடங்கிய நம் தூத்துக்குடி கனநீர் ஆலை பின்பற்றியது வேறு முறை: அம்மோனியாவுக்கும் ஹைடிரஜனுக்கும் இடையிலான பரிமாற்றம். அதில் வினையூக்கியான பொட்டாசியம் அமைடு திரவ அம்மோனியாவிலேயே கரைந்திருக்கும். நனைவது பற்றிய கவலையே எழாது.

நனையாத வினையூக்கிக்கு இன்னொரு வேலையும் உண்டு. அணு உலையில் கனநீரின் டியூட்டீரியம் நியூட்ரானை ஏற்று டிரிட்டியமாகிறது. இக்கதிரியக்கப் பொருளின் அரை ஆயுள் சுமார் 12.3 ஆண்டு, கசியும் நீராவியோடு தொழிலாளர் உடலில் புகக்கூடியது. அதைக் கனநீரிலிருந்து வாயுவுக்கு மாற்றிப் பிரித்தெடுக்க, தென்கொரியாவின் வோல்சோங்கில் 2007 முதல் இவ்வகை வினையூக்கியே பயன்படுகிறது.