பட்டமும் துறைமுகமும்

இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள கடற்கரை, தமிழ்நாட்டின் பழைய தொழில் நிலம். தென்னிந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி 1856இல் இராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. சென்னைத் துறைமுகம் 1881இல் செயல்படத் தொடங்கியது. 1946இல் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் தொடங்கிய பொம்மை பலூன் தொழிலே பின்னாளில் எம்.ஆர்.எஃப். என்னும் டயர் நிறுவனமாக வளர்ந்தது. இப்பகுதியில் தந்தை உழைத்த ஆலையிலேயே மகனும் பணியில் சேர்வது பல குடும்பங்களின் வழக்கமாக இருந்தது. பள்ளியிறுதிச் சான்றிதழும் தெரிந்தவர் ஒருவரின் பரிந்துரையும் அதற்குப் போதும்.

துறைமுகத்தில் அந்த வழி குறுகியதற்கு ஓர் இரும்புப் பெட்டியும் காரணம். 1956 ஏப்ரலில் மால்கம் மெக்லீன் என்னும் அமெரிக்கர் 58 சரக்குப் பெட்டகங்களை ஐடியல் எக்ஸ் என்னும் கப்பலில் ஏற்றி, நியூவர்க்கிலிருந்து ஹியூஸ்டனுக்கு அனுப்பினார். மூட்டை மூட்டையாகத் தோளில் ஏறிய சரக்கு, அதன்பின் பெட்டகத்தோடு பளுதூக்கியில் ஏறலாயிற்று. சென்னையில் 1983இல் பெட்டக முனையம் அமைந்தது; 2001இல் எண்ணூரில் புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. சுமப்பவருக்கு வேலை குறைந்தது. பெட்டிக்குள் இருப்பது என்ன, அதற்கு வரி எவ்வளவு, ஆவணம் எது என அறிந்தவரின் தேவை கூடியது.

இந்தியச் சுங்கவரிப் பட்டியலில் பொருள்கள் எட்டிலக்க எண்களால் வகைப்படுத்தப்பட்டுள்ளன. முதல் ஆறு இலக்கங்கள் உலக நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானவை. மணலி ஆலை ஒன்றுக்கு வரும் வேதிப்பொருள் எந்த எண்ணின்கீழ் அடங்கும் என முடிவுசெய்ய, அதன் வேதிக் கட்டமைப்பு தெரிந்திருக்க வேண்டும். எண் தவறினால் வரி தவறும். பெட்டகம் துறைமுகத்திலேயே தங்கும். தாமதக் கட்டணம் நாள்தோறும் ஏறும். தாம் படித்த கரிமச் சேர்மங்களுக்குத் தம் ஊரிலேயே இப்படியொரு பயன் இருப்பதை அறியாமல் கல்லூரியை விட்டு வெளியேறும் மாணவர் உண்டு. தேர்வுக்காகப் படித்த பாடம் தேர்வோடு முடிந்துவிடுவது வருந்தத்தக்கது.

பழைய வண்ணாரப்பேட்டையின் சர் தியாகராயா கல்லூரிக்கும் பிராட்வேயின் பாரதி மகளிர் கல்லூரிக்கும் துறைமுகம் தொலைவில் இல்லை. இராஜாஜி சாலையில் சுங்க இல்லம் உள்ளது. இறக்குமதி, ஏற்றுமதி ஆவணங்களை வணிகர் சார்பில் அங்கு முன்வைப்பவர் சுங்கத் தரகர். அவர் உரிமம் பெறத் தேர்வு உண்டு. அதனை எழுதப் பட்டம் கட்டாயம். ஆனால், பட்டம் மட்டும் போதாது. மேலாண்மை, சட்டம், கணக்கியல் போன்றவற்றில் தொழிற்பட்டமோ, ‘ஜி’ அட்டை பெற்றுத் தரகரிடம் பணியாற்றிய ஈராண்டு அனுபவமோ உடன் வேண்டும்.

சிக்கல் அந்த ஈராண்டில்தான் இருக்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரியின் வீடு அவரது முதல் சம்பளத்துக்காகக் காத்திருக்கும். உணவு கொண்டுசேர்க்கும் வேலை உடனே காசு தரும். தொழில் பழகும் வேலையில் தொடக்க ஊதியம் குறைவாக இருக்கக்கூடும். கடன் தவணை நெருக்கும்போது எதிர்காலத்தைக் கருதிப் பொறுத்திருப்பது எளிதன்று. ஆகவே, இரண்டாம் ஆண்டிலேயே வீட்டாருடன் அமர்ந்து கணக்குப் பார்த்துவிடுவது நல்லது. உதவித்தொகையுடன் கூடிய தொழிற்பழகுநர் பயிற்சியும் ஒரு வழி. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் 2014இல் திருத்தப்பட்டபின், பொறியியல் அல்லாத பட்டம் பெற்றோரும் அதில் சேரலாம்.

பட்டதாரிக்குரிய பணி சுங்க ஆவணங்களோடு முடிவதில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மக்கள் இருளில் வீடுகளை விட்டு ஓடினர். மூச்சுத்திணறலோடு பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். காற்றில் அவ்வளி எவ்வளவு கலந்துள்ளது என அளக்க வேதியியல் வேண்டும். எப்பக்கம் ஓட வேண்டும், துணியை நனைத்து முகத்தை மூடுவது ஏன் என்பதைப் பதறி நிற்கும் ஒரு மீனவத் தாய்க்குப் புரியும் தமிழில் சொல்லவும் ஒருவர் வேண்டும்.