எஞ்சினின் பெயரைப் படிப்போம்

ரயில் நிலையத்தில் நிற்கும் டீசல் எஞ்சினின் பக்கவாட்டில் ‘டபிள்யூடிஎம்-2’ போன்ற எழுத்துகளை நாம் கண்டிருப்போம். அவை வெறும் அடையாளக் குறிகள் அல்ல; எஞ்சின் ஓடும் பாதையையும் அதன் எரிபொருளையும் பணியையும் உரைக்கும் சுருக்கங்கள் ஆகும்.

முதலெழுத்து பாதையைக் குறிக்கும்: ‘டபிள்யூ’ அகலப்பாதை, ‘ஒய்’ மீட்டர் பாதை. இரண்டாவதான ‘டி’ டீசலைக் குறிக்கும். மூன்றாவது எழுத்து பணியைச் சொல்லும்: ‘பி’ பயணிகள் வண்டி, ‘ஜி’ சரக்கு வண்டி, ‘எம்’ இரண்டிற்கும் உரியது.

பயணிகள் வண்டிக்கு வேகம் தேவை. சரக்கு வண்டிக்கு இழுவிசை தேவை. டீசல் எஞ்சின் மின்னாக்கியைச் சுழற்றுகிறது. அதில் பிறக்கும் மின்சாரம் அச்சுகளில் உள்ள மோட்டார்களை இயக்குகிறது. மோட்டாருக்கும் அச்சுக்கும் இடையிலுள்ள பற்சக்கரங்களை வேகத்திற்கு ஏற்ப அமைத்தால் இழுவிசை குறையும். இழுவிசைக்கு ஏற்ப அமைத்தால் வேகம் குறையும். ‘எம்’ வகை இவ்விரண்டிற்கும் நடுவே நிற்பது.

அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திடமிருந்து 1950-களின் பிற்பகுதியில் டபிள்யூடிஎம்-1 வந்தது; அதன் திறன் 1950 குதிரைத்திறன். அடுத்து 1962-இல் வந்த டபிள்யூடிஎம்-2, 16 சிலிண்டர்களும் 2600 குதிரைத்திறனும் கொண்டது. இரண்டுமே ‘எம்’ வகை. எஞ்சின்கள் குறைவாக இருந்த அக்காலத்தில், இன்று நிலக்கரி இழுத்த எஞ்சினே நாளை மெயில் வண்டியையும் இழுக்கலாம். விலை கொடுத்து வாங்கிய எஞ்சின் வேலையின்றி நிற்க வேண்டியதில்லை.

எஞ்சினோடு தொழில்நுட்பத்தையும் நாம் பெற்றோம். 1964 ஜனவரியில் வாரணாசித் தொழிற்சாலையின் முதல் டபிள்யூடிஎம்-2 வெளிவந்தது. 1969-இல் ஆல்கோ தன் ரயில் எஞ்சின் உற்பத்தியை நிறுத்திய பின்னரும் வாரணாசியில் இவ்வகை எஞ்சின்கள் பல்லாண்டுகள் உருவாயின. பயணிகளுக்கென்றே அமைந்த டபிள்யூடிபி-1 வகையோ 1990-களில்தான் வந்தது.

எண்ணைப் படிப்பதில் மட்டும் கவனம் தேவை. டபிள்யூடிஎம்-2 என்பதில் உள்ள 2, அவ்வகையில் இரண்டாவது என்பதையே காட்டும், குதிரைத்திறனை அன்று. பிற்காலத்தில் இம்முறை மாறியது. டபிள்யூடிஎம்-2சி என்றிருந்த எஞ்சின் டபிள்யூடிஎம்-3ஏ ஆயிற்று. இதில் 3 என்பது மூவாயிரம். ‘ஏ’ என்பது மேலும் நூறு. ஆக 3100 குதிரைத்திறன்.

ஒரு சிறு பயிற்சி: தமிழகத்தின் மீட்டர் பாதைகளில் ஓடிய ‘ஒய்டிஎம்-4’ என்னும் பெயரை இப்போது நீங்களே விரித்துச் சொல்லலாமே!