மீட்டரில் 12.6 இருக்கிறது, இன்ஜின் ஏன் சுற்றவில்லை?

கேள்வி: நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து பழைய ஜெட் ஸ்கி ஒன்று வாங்கி, கோவளம் பக்கம் கடலில் ஓட்டுகிறோம். மூன்று வாரமாக ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது; இன்ஜின் சுற்றுவதில்லை. பேட்டரி புதிது. மீட்டரில் 12.6 வோல்ட் காட்டுகிறது. சில நாள் பத்து முறை அழுத்தினால் கிளம்பிவிடும். ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா, ஐயா?
- ஒரு வாசகர், சென்னை

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். மோட்டாருக்குப் பணம் கட்டும் முன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த ‘டக்’ சத்தம் ரிலேயிலிருந்து வருவது. அப்படியென்றால் பட்டன், பாதுகாப்புக் கயிற்றின் கிளிப், பியூஸ், சின்ன ஒயர்கள் எல்லாம் வேலை செய்கின்றன. பழுது அதற்கு அப்பால், தடித்த ஒயர்கள் போகும் பக்கம்.

அதற்கு முன் ஒரு கேள்வி. அண்மையில் வண்டி கவிழ்ந்ததா? இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தாலும் இதே ‘டக்’தான் கேட்கும். அந்தச் சந்தேகம் இருந்தால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்க்கும்வரை பட்டனைத் தொடாதீர்கள். கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும்.

12.6 என்பது பேட்டரி சும்மா இருக்கும்போது காட்டும் அளவு. மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகமிகக் குறைவு. நூறு இழைகள் உள்ள ஒயரில் ஒரே ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது 12.6 காட்டும். மோட்டார் அப்படியில்லை, 100 ஆம்பியருக்கு மேல்கூட இழுக்கும். வழியில் 0.02 ஓம் தடை இருந்தால் போதும், 2 வோல்ட் அங்கேயே சூடாகித் தொலைந்துவிடும். அதனால் பட்டனை அழுத்திக்கொண்டே அளக்க வேண்டும்.

வண்டியை டிரெய்லரில் ஏற்றி, சீட்டைக் கழற்றிக் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, வண்டியின் உள்ளே அடியில் தங்கிவிடும். வாசனை துளி இருந்தாலும் எந்த ஒயரையும் தொடக் கூடாது. இதில் மட்டும் தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

மீட்டரின் சிவப்பு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் ஈயத்தின் மேலேயே வையுங்கள், அதில் மாட்டியிருக்கும் ஒயர் முனையின் லக்கின் மேல் அல்ல. கறுப்பு முனை ஸ்டார்ட்டரின் போல்ட்டில். இன்னொருவர் ஒரு நொடி பட்டனை அழுத்தட்டும். அந்த நொடியில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில்தான் திருட்டு: லக், ஒயர் அல்லது ரிலே. அடுத்து பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே இதேபோல அளந்து பாருங்கள். இரண்டுமே சரி, மோட்டார் போல்ட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே 11 வோல்ட் வருகிறது, ஆனாலும் சுற்றவில்லை என்றால் உங்கள் மெக்கானிக் சொன்னது சரி. பட்டனை அழுத்தும்போது பேட்டரியிலேயே 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், புதிதானாலும் பேட்டரியைச் சோதித்துவிடுங்கள்.

என் சந்தேகம் பேட்டரி நெகட்டிவிலிருந்து பிளாக்குக்குப் போகும் எர்த் ஒயர் மேல். இப்படி ஒரு வண்டி என்னிடம் வந்தது. பிளாக்கில் முறுக்கியிருந்த லக் வெளியே பளபளவென்று இருந்தது. பிளேடால் உறையைக் கீறிப் பிரித்தேன். உள்ளே செம்பு இல்லை, பச்சைக் களிம்பு. விரலால் தேய்த்தபோது மாவாக உதிர்ந்தது. நாலு விரற்கடை உள்ளே போன பிறகுதான் சிவந்த செம்பு தெரிந்தது. உப்புத் தண்ணீர் இழைகளுக்கு நடுவே திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறிவிடுகிறது. அதனால் லக்கை மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பயனில்லை.

ஒயரையே மாற்றுங்கள். வெள்ளீயம் பூசிய இழைகள் கொண்ட மரைன் ஒயர் கேட்டு வாங்குங்கள். புது லக்கை நன்றாக நசுக்கி, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு மூடுங்கள். போல்ட்டை முறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவலாம். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

இதற்கிடையில் கடற்கரையில் வண்டி நின்றுவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் காரிலிருந்து ஒயர் போட்டுக் கிளப்பாதீர்கள். இன்ஜின் கம்ப்யூட்டர் போய்விட்டால், அதற்கு முன்னால் ஸ்டார்ட்டர் மோட்டார் விலை ஒன்றுமேயில்லை.