நடுவில் நிற்பது யார்?
ரிப்பீட்டர் நிலையத்தைக் கொண்டு ஓர் அறிவியல் பாடம்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கடந்து, மழை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாள். எட்டாம் வகுப்பில் வருகைப் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, மழையின்போது யார் வீட்டில் என்ன சிரமம் என்று கேட்டேன். பலரும் வீட்டுக்குள் வந்த தண்ணீரைப் பற்றிச் சொன்னார்கள். ஒரு மாணவி மட்டும் வேறு ஒன்று சொன்னாள்.

அவளுடைய அம்மா கைபேசி தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறார். ஷிஃப்டுக்குப் போனவர், கம்பெனிப் பேருந்து ஓடாததால் தோழியின் அறையில் இரண்டு இரவுகள் தங்கிவிட்டார். வீட்டில் பாட்டியுடன் இருந்த மகளுக்கு அது தெரியவில்லை. கைபேசியில் இணைப்புக் கிடைக்கவே இல்லை.

"சார், எங்க அம்மா கை வழியா ஒரு நாளைக்கு எத்தனையோ போன் போகுது. ஆனா எங்க அம்மாவுக்கு ஒரு போன் போகலையே, ஏன் சார்?"

"கரண்ட் போய் டவர் வேலை செய்யலம்மா" என்றேன். அவள் விடவில்லை. "அப்போ ஒரு போன் இன்னொரு போனோட நேரா பேசாதா?" என்றாள். நல்ல கேள்வி. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே வளரும் எங்கள் மாணவர்களுக்குக் கைபேசி புதிதல்ல. அதைச் செய்பவர்களே அவர்களுடைய பெற்றோர்தாம். ஆனால் இரண்டு கைபேசிகளுக்கு நடுவில் என்ன இருக்கிறது என்பதை நான் வகுப்பில் ஒருநாளும் பேசியதில்லை.

கைபேசிக் கோபுரம், அதன் பின்னால் இணைப்பகம், அதன் பின்னால் மற்றொரு கோபுரம் என்று அந்த அமைப்பு மிகவும் சிக்கலானது. எளிய ஒன்றிலிருந்து தொடங்க நினைத்தேன். உரிமம் பெற்ற ஹாம் ரேடியோ நண்பர் ஒருவர் வழிகாட்டினார். ஹாம் வானொலியாளர்கள் தங்களுக்குள் பேசுவதற்காக அமைக்கும் ரிப்பீட்டர் நிலையத்தில் எல்லாமே ஒரு பெட்டி, ஒரு ஆண்டெனா, ஒரு பேட்டரி என்ற அளவில் அடங்கிவிடுகிறது. ஒருவர் பேசுவதைக் கேட்டு, அதே கணத்தில் உரக்கத் திருப்பிச் சொல்வதே அதன் வேலை. இதை வைத்து நான்கு வகுப்புகள் நடத்தினேன். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் முதல் செயல்பாட்டை அப்படியே பயன்படுத்தலாம். மற்றவை ஆறாம் வகுப்புக்கு மேல் பொருந்தும்.

செயல்பாடு 1: மைதானத்தில் ஓர் அஞ்சல்

மைதானத்தின் இரு கோடியிலும் ஒவ்வொரு மாணவர் நிற்கட்டும். ஒருவர் சாதாரணக் குரலில் பேசினால் மற்றவருக்குக் கேட்காது. இப்போது நடுவில் ஒருவரை நிறுத்துங்கள். கேட்டதை அப்படியே சத்தமாகச் சொல்வது மட்டுமே அவர் வேலை. "பஸ் நின்னுபோச்சு. தோழி வீட்டில் பத்திரமாக இருக்கேன். நாளை மதியம் வருவேன்." இதுதான் நாங்கள் அனுப்பிய செய்தி. முதல் முறை மறுகோடிக்குச் சென்றது, "பஸ்ஸில் இருக்கேன், மதியம் வருவேன்" என்பதே.

செய்தி எப்படி மாறியது என்று மாணவர்களே பேசி மூன்று விதிகளை வகுத்தார்கள். சுருக்கமாகச் சொல்ல வேண்டும். பேசி முடித்ததும் "முடிந்தது" என்று சொல்ல வேண்டும், அதுவரை மற்றவர் பேசக் கூடாது. செய்தியைப் பெற்றவர் அதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். உலகெங்கும் வானொலியாளர்கள் பின்பற்றும் முறைகள் இவைதாம். பெயர்களை எழுத்துக் கூட்டிச் சொல்ல அவர்கள் ஆங்கிலத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். எங்கள் மாணவர்கள் தமிழில் செய்தார்கள்: லட்டு 'ல', பள்ளம் 'ள', பழம் 'ழ'. மொழிப்பாட ஆசிரியருக்கும் இது பிடித்துப்போனது.

செயல்பாடு 2: ஏன் உயரம்?

நடுவில் நிற்பவரைத் தரையில் நிறுத்துவதா, மேடையில் நிறுத்துவதா என்று கேட்டேன். எல்லோரும் மேடை என்றார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதற்கு ஒரு கதையும் தெரியும். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமாநுசர், தமக்கு மட்டும் சொல்லப்பட்ட மந்திரத்தை எல்லோரும் அறியட்டும் என்று திருக்கோட்டியூர்க் கோபுரத்தின் மேலேறிச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் வரலாறு. பலருக்குச் சொல்ல வேண்டியதை உயரத்திலிருந்து சொல்ல வேண்டும்.

ஹாம் வானொலியாளர்கள் அதிகம் பயன்படுத்தும் 145 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. பூமி வளைந்திருப்பதால் ஓரளவு தூரத்துக்கு மேல் அலை தரைக்கு மேலே விலகிப் போய்விடும். அலை எட்டும் தூரத்தைக் கணக்கிட ஓர் எளிய சூத்திரம் உண்டு. ஆண்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் தூரம் கிடைக்கும். இரு முனைகளுக்கும் தனித்தனியே கண்டு கூட்ட வேண்டும்.

கையில் பிடித்த கருவியின் உயரம் 1.5 மீட்டர். வர்க்கமூலம் சுமார் 1.22. தூரம் 5 கி.மீ. இருவரும் தரையில் நின்றால் 5 + 5 = 10 கி.மீ. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே சுமார் 15 கி.மீ. ஆகவே எட்டாது. கட்டடங்களும் மரங்களும் மறைப்பதால் உண்மையில் 10 கி.மீ.கூடக் கிடைக்காது.

இடையில் ரிப்பீட்டர் வைத்தால் என்ன ஆகும்? ஆண்டெனா 9 மீட்டர் உயரத்தில் இருந்தால் 12.4 + 5, ஏறத்தாழ 17 கி.மீ. 36 மீட்டரில் 24.7 + 5, ஏறத்தாழ 30 கி.மீ. 400 மீட்டர் குன்றின் மேல் 82.4 + 5, சுமார் 87 கி.மீ. ரிப்பீட்டரின் இரு பக்கமும் இருப்பவர்கள் பேசிக்கொள்ளும் தூரம் இதைப் போல் இரு மடங்கு. இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, 9 ஐயும் 36 ஐயும் ஒப்பிடச் சொன்னேன். உயரம் நான்கு மடங்கு ஆனால் ஆண்டெனாவின் பங்கு இரண்டே மடங்குதான் ஆகிறது என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள். வர்க்கமூலம் எதற்குப் படிக்கிறோம் என்ற கேள்வி அதன்பின் எழவில்லை.

செயல்பாடு 3: பேசிக்கொண்டே கேட்பது எப்படி?

ரிப்பீட்டர் அமைப்பதில் மிகக் கடினமான பகுதி இதுதான். நடுவில் நின்ற மாணவியிடம், "இவன் சொல்வதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே அடுத்த வரியையும் கேள்" என்றோம். அவளால் முடியவில்லை. தன் குரலே அவள் காதை அடைத்தது.

ரிப்பீட்டருக்கும் இதே சிக்கல். அதன் டிரான்ஸ்மிட்டர் 25 வாட் திறனில் அனுப்புகிறது என்று கொள்வோம். அதே நேரத்தில் அதன் ரிசீவர், தொலைவிலிருந்து வரும் 0.2 மைக்ரோவோல்ட் அளவுள்ள சமிக்ஞையைக் கேட்க வேண்டும். 50 ஓம் தடையில் இது ஒரு வாட்டைக் கோடி கோடியாகப் பிரித்து, அதில் ஒரு பங்கையும் பத்தில் ஒன்றுக்கும் குறைவாக்கிய திறன். நாதஸ்வரமும் தவிலும் ஒலிக்கும் பந்தலில், கோடியில் இருப்பவர் முணுமுணுப்பதைக் கேட்பது போன்ற வேலை.

முதல் தீர்வு, கேட்கவும் பேசவும் இரண்டு அதிர்வெண்களைப் பயன்படுத்துவது. இந்த அலைவரிசையில் வழக்கமான இடைவெளி 600 கிலோஹெர்ட்ஸ். எடுத்துக்காட்டாக, 145.0 மெகாஹெர்ட்ஸில் கேட்டு 145.6 இல் அனுப்பலாம். ஆனால் இந்த இடைவெளி அரை விழுக்காட்டுக்கும் குறைவு. ஒரே ஆண்டெனாவில் இரண்டையும் பிரிக்க டூப்ளெக்சர் என்ற கருவி வேண்டும். பல உலோக உருளைகளை இணைத்துச் செய்யப்படும் இது, ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் விட்டு மற்றதைத் தடுக்கும்.

இதை விளக்க நான்கு கண்ணாடிப் பாட்டில்கள் போதும். வெவ்வேறு அளவு தண்ணீர் ஊற்றி வாயில் ஊதினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுருதியில் ஒலிக்கும். உள்ளே இருக்கும் காற்றின் உயரம் சுருதியைத் தீர்மானிக்கிறது. டூப்ளெக்சர் உருளையிலும் இதுவே ஒத்ததிர்வு, ஒலிக்குப் பதில் மின்காந்த அலை. அலைநீளத்தைக் கணக்கிடுங்கள்: 300 ஐ 145 ஆல் வகுத்தால் 2.07 மீட்டர். அதில் கால் பங்கு சுமார் 52 செ.மீ. உருளையின் உள்ளே இருக்கும் தண்டும் எளிய ஆண்டெனாவின் கம்பியும் ஏறக்குறைய இந்த நீளம்தான். மாணவர்கள் 52 செ.மீ. நூலை வெட்டிச் சன்னலில் தொங்கவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத அலைக்கு ஓர் அளவு கிடைத்தது.

செயல்பாடு 4: பேட்டரி எத்தனை மணி நேரம்?

பெட்டிக்குள் இன்னும் சில உண்டு. யாரும் பேசாதபோது ரிப்பீட்டரை அமைதியாக வைத்து, சமிக்ஞை வந்ததும் எழுப்பும் கட்டுப்பாட்டுச் சுற்று. ஒருவர் பொத்தானை அழுத்தியபடியே மறந்துவிட்டால் சில நிமிடங்களில் நிறுத்திவிடும் கடிகாரம். நிலையத்தின் அழைப்புக் குறியை அவ்வப்போது மோர்ஸ் ஒலியில் அறிவிக்கும் பகுதி. வெளியே இடிதாங்கியும் நல்ல நிலத்தொடர்பும் அவசியம், ஏனெனில் உயரத்தில் நிற்பதை மின்னல் தேடி வரும்.

ஆனால் புயல் இரவில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது பேட்டரி. எங்கள் கணக்கு இது. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி. அதன் ஆயுள் கருதிப் பாதியை, அதாவது 50 ஐ மட்டுமே பயன்படுத்துகிறோம். சும்மா இருக்கும்போது 0.5 ஆம்பியர், அனுப்பும்போது 6 ஆம்பியர் தேவை. ஒரு மணி நேரத்தில் 12 நிமிடம் மட்டும் பேச்சு நடந்தால் செலவு 1.2 + 0.4 = 1.6. பேட்டரி 31 மணி நேரம் வரும். 30 நிமிடம் பேசினால் செலவு 3.25. வெறும் 15 மணி நேரம்தான்.

விடை வந்ததும் வகுப்பில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு மாணவன், "நாம சும்மா பேசினா ராத்திரி கூப்பிடுறவங்களுக்கு லைன் இருக்காது சார்" என்றான். சுருக்கமாகப் பேச வேண்டும் என்று முதல் நாள் மைதானத்தில் வகுத்த விதிக்கு இப்போது காரணம் கிடைத்தது.

நடுவில் நின்றவர்கள்

கணக்குகளுக்குப் பின் உண்மை நிகழ்வுகளைச் சொன்னேன். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியபோது, தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் குழுவுடன் பாரதி பிரசாத் என்ற ஹாம் வானொலியாளர் அந்தமானின் போர்ட் பிளேரில் இருந்தார். தொலைபேசி செயலிழந்த நிலையில், தீவில் இருப்பவர்கள் பற்றிய செய்திகளை அவர் வானொலி வழியே நாட்டின் பிற பகுதிகளுக்கு அனுப்பினார். ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான அந்தத் தொலைவில் கோபுரம் ஏதும் இல்லையே, நடுவில் நின்றது யார்? குறைந்த அதிர்வெண் அலைகளைத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலம் நின்றது.

அடுத்த ஆண்டே இந்தியா வானில் ஒரு ரிப்பீட்டரை வைத்தது. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-6 ஏவூர்தியில் சென்ற ஹாம்சாட், 42.5 கிலோ எடையுள்ள இஸ்ரோவின் சிறிய செயற்கைக்கோள். 435 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் கேட்டு 145 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் திருப்பி அனுப்பியது. இரண்டும் வெகு தூரத்தில் இருப்பதால் தன் குரல் தன் காதை அடைக்கும் சிக்கல் எளிதில் தீர்ந்தது. 600 கி.மீ.க்கு மேற்பட்ட உயரத்திலிருந்து ஒரே நேரத்தில் சுமார் 2,700 கி.மீ. ஆரத்துக்கு அதன் பார்வை இருந்தது. 2014 ஜூலை வரை ஒன்பது ஆண்டுகள் உழைத்தது.

ஸ்ரீபெரும்புதூரில் உள்ள ராஜீவ் காந்தி நினைவிடத்தை எங்கள் மாணவர்கள் அன்றாடம் கடக்கிறார்கள். அவரும் வி.யு.2 ஆர்.ஜி. என்ற அழைப்புக் குறி பெற்ற ஹாம் வானொலியாளர் என்பது அவர்களுக்குப் புதுச் செய்தி.

ஓர் எச்சரிக்கை

உரிமம் இல்லாமல் வானொலியில் அனுப்புவது சட்டப்படி குற்றம். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் வாக்கி-டாக்கிகளை வாங்கி வகுப்பில் சோதிக்க வேண்டாம். மேற்கண்ட செயல்பாடுகள் எதற்கும் டிரான்ஸ்மிட்டர் தேவையில்லை. ஆர்வமுள்ள மாணவர்கள் 12 வயதுக்குப் பின் மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வை எழுதி உரிமம் பெறலாம். ரிப்பீட்டர் நிறுவத் தனி அனுமதி வேண்டும்.

மதிப்பீடு

எழுத்துத் தேர்வுக்குப் பதில் ஒரு வீட்டுப்பணி கொடுத்தேன். "கைபேசி இயங்காத இரவில், அல்லது ஓரிரு நிமிடம் மட்டும் இயங்கும் இரவில், உங்கள் குடும்பத்துக்கு நடுவில் நிற்பது யார்? பெற்றோருடன் பேசி ஓர் அட்டையில் எழுதி வாருங்கள்." வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவரின் எண், அழைப்பு போகாவிட்டால் அனுப்ப வேண்டிய குறுஞ்செய்தி, ஊரில் தகவல் சொல்லி வைக்கும் இடம் ஆகிய மூன்றும் அட்டையில் இருக்க வேண்டும். புயல் தொடாத ஊரில் இருப்பவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை மட்டும் நான் சொன்னேன். இரவு ஷிஃப்டு பெற்றோர் உள்ள எந்தப் பள்ளியிலும் இந்த அட்டை பயன்படும்.

அந்த மாணவியின் அட்டையில் செய்யாறில் இருக்கும் சித்தியின் எண் இருந்தது. கீழே, அவளும் அம்மாவும் அனுப்ப வேண்டிய செய்தியை முன்கூட்டியே எழுதியிருந்தாள்: "பத்திரம். இருக்கும் இடம்: ____. வரும் நேரம்: ____." அட்டையின் ஒரு படியை அம்மாவின் கைப்பையில் வைத்துவிட்டதாகவும் சொன்னாள்.